காலிப் பெட்டியின் எடை

பெல்ட்டின் மேல் அம்மாவின் பெட்டியைத் தூக்கி வைத்ததும் சிவப்பு எண்கள் கொஞ்சம் ஆடி, 27.6-இல் வந்து நின்றன. கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், எங்கள் டிக்கெட்டைப் பார்த்தார். ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் அனுமதி என்றார். அடுத்து என் பெட்டியை வைத்தேன். 24.1. அதுவும் கூடுதல்தான்.

முந்தைய நாள் இரவு, இதே இரண்டு பெட்டிகளையும் வேறொரு விமான நிலையத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். அங்கே எங்களுக்கு ஆளுக்கு 30 கிலோ. வீட்டிலேயே எடை பார்த்து, முப்பதுக்குள் இருக்கிறது என்று நிம்மதியாகக் கிளம்பியிருந்தேன். நான் பார்க்காமல் விட்டது ஒன்றுதான். எங்களிடம் இருந்தது ஒரு டிக்கெட் அல்ல, இரண்டு. நீண்ட பயணத்துக்கு ஒரு ஏர்லைன். அங்கிருந்து அக்கா இருக்கும் ஊருக்குப் போக, நேரம் தோதாக இருக்கிறது என்று நானே தனியாக வாங்கிய இன்னொரு ஏர்லைனின் டிக்கெட். முதல் டிக்கெட்டின் விதி முதல் விமானத்தோடு முடிந்துவிடும். பெட்டிகளை நாமே வாங்கிக்கொண்டு போய் இரண்டாவது கவுண்டரில் ஒப்படைக்கும்போது அங்கே இருப்பது வேறு விதி. இது எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

அக்காவுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. “யார் ஜாடைன்னே தெரியலம்மா, நம்ம பழைய ஆல்பத்தையெல்லாம் எடுத்துட்டு வா, வெச்சுப் பார்க்கலாம்” என்று போனில் சொல்லியிருந்தாள். அம்மா நான்கு ஆல்பங்களையும் துணிகளுக்கு நடுவே பத்திரமாக அடுக்கியிருந்தார்.

கவுண்டர் பெண் பொறுமையானவர். ஓரத்தில் ஆள் இல்லாத ஒரு கவுண்டரைக் காட்டி, அங்கே எடை மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பிரித்து அடுக்கிக்கொண்டு நேராக என்னிடமே வாருங்கள், மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம் என்றார். அந்த உதவியை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். எங்களைக் கடந்து போகிறவர்கள் எல்லாருக்கும் எங்கள் துணிமணி தெரிகிறது. அம்மா தலை நிமிராமலே, “விடும்மா, ஆல்பத்தை இங்கேயே வெச்சிட்டுப் போயிடலாம்” என்றார். “இரும்மா” என்று சொல்லி ஒரு ஆல்பத்தைக் கையில் வாங்கினேன். பழைய காலத்து ஆல்பம். கனமான அட்டை, அதன் மேல் பஞ்சு வைத்துத் தைத்த உறை, உள்ளே தடித்த பக்கங்கள், ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் உறை. ஒரு படத்தை உருவி எடுத்தேன். மூன்று சக்கர சைக்கிளில் அக்கா. ஒரு கையில் படம், இன்னொரு கையில் ஆல்பம். படம் கையில் இருப்பதே தெரியவில்லை. ஆல்பம் கையை இழுத்தது.

எல்லாப் படங்களையும் உருவ ஆரம்பித்தோம். நானூறு படங்கள் இருக்கும். ஒரு சில பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போயிருந்தன, அவற்றை அம்மா நகத்தால் மெதுவாகப் பெயர்த்தார். வரிசை கலையக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு கட்டு, அதற்கு என் தலைமுடி ரப்பர் பேண்டு. நான்கு கட்டுகளையும் ஒரு துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். அட்டைகளை அங்கேயே விட்டுவிட்டோம். கடைசி அட்டையின் உள்பக்கத்தில் அப்பா கைப்பட எழுதியிருந்த தேதியை மட்டும் அம்மா கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

மறுபடி எடை போட்டோம். 22.4.

அதாவது, ஐந்து கிலோவுக்கு மேல் வெறும் அட்டையும் பஞ்சும். நாங்கள் எடுத்துப்போக நினைத்தது படங்களை. ஆனால் கணக்கில் ஏறியது படங்களைச் சுற்றியிருந்த கூடு. என் பெட்டியிலிருந்து கோட்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டேன், காலில் இருந்த செருப்பைப் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே இருந்த கனமான ஷூவை மாட்டிக்கொண்டேன். 22.9 ஆனது. விமானத்தைப் பிடித்துவிட்டோம்.

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, அம்மாவின் பெட்டியைக் காலி செய்து எடை போட்டதுதான். 5.2 கிலோ. உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லாமல். 23 கிலோவில் 5.2 போனால் மிச்சம் 17.8. அம்மாவுக்கு 23 கிலோ அனுமதி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதெல்லாம் உண்மையில் அவருக்கு இருந்தது பதினெட்டுக்கும் குறைவு. அதன்பிறகு எத்தனையோ முறை நாங்கள் சேர்ந்து பயணம் செய்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டுவது இப்போது காலிப் பெட்டியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஆனால் அதற்கும் முன்னால் டிக்கெட்டை ஒழுங்காகப் படிக்க வேண்டும். தேதி, நேரம், பெயரின் எழுத்து எல்லாம் சரிபார்ப்போம். பேகேஜ் என்று ஒரு சின்ன வரி இருக்கும், அதைக் கண் தாண்டிப் போய்விடும். அங்கே ‘30 கே’ (30K) என்பது போல இருந்தால் மொத்த எடையில் கணக்கு. ‘1 பிசி’ (1PC), ‘2 பிசி’ (2PC) என்று இருந்தால் பெட்டியின் எண்ணிக்கையில் கணக்கு. இந்த இரண்டும் வேறு வேறு உலகம்.

மொத்த எடையில் கணக்கு என்றால் 30 கிலோவை ஒரே பெட்டியாகவும் கொண்டுபோகலாம், இரண்டாகப் பிரித்தும் கொண்டுபோகலாம். ஒரே புக்கிங்கில் இருக்கும் குடும்பத்தினரின் எடையைச் சேர்த்துப் பார்க்கப் பல ஏர்லைன்கள் அனுமதிக்கும். அப்பாவின் பெட்டி 33, பிள்ளையின் பெட்டி 20 என்றால் மொத்தம் அறுபதுக்குள் இருக்கிறது, சரி என்பது போல. ஆனால் அங்கேயும் அந்த 33 கிலோ பெட்டியை அப்படியே வாங்க மாட்டார்கள். ஏனென்று பிறகு சொல்கிறேன். எண்ணிக்கையில் கணக்கு என்றால் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக நிற்க வேண்டும். இரண்டு பெட்டி, தலா 23 கிலோ என்று அனுமதி இருக்கும்போது ஒன்று 15 கிலோவும் இன்னொன்று 29 கிலோவும் இருந்தால், மொத்தம் 46-ஐத் தாண்டவில்லையே என்று வாதாட முடியாது. அந்த 29 கிலோ பெட்டி எடை கூடியதுதான். ‘0 பிசி’ என்று இருந்தால் செக்-இன் பெட்டியே கிடையாது, கையில் எடுத்துப்போவது மட்டும்தான். மலிவாகத் தெரியும் கட்டண வகைகள் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். அதே விமானம், அதே வரிசை இருக்கை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 30 கிலோ, நமக்குப் பூஜ்ஜியம். அதனால் ‘அந்த ஏர்லைனில் எத்தனை கிலோ’ என்று யாரையும் கேட்பதில் பயன் இல்லை. நம் டிக்கெட்டில் எத்தனை என்பதுதான் கேள்வி.

எங்களைப் போல விமானம் மாறிப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் இரண்டு ஏர்லைன்கள் இருந்தால் பெரும்பாலும் பயணம் முழுவதற்கும் ஒரே பேகேஜ் விதியை எடுத்துக்கொள்வார்கள், அது டிக்கெட்டிலேயே ஒவ்வொரு விமானத்துக்கும் எதிரே அச்சாகியிருக்கும். தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. எல்லாவற்றிலும் குறைந்த அனுமதி எதுவோ, அதற்குத்தான் பெட்டியைக் கட்ட வேண்டும். முதல் விமானம் 40 கிலோ கொடுத்தாலும் இரண்டாவது 20 என்றால் நமக்கு 20 தான். நீளம், அகலத்துக்கும் இதே கணக்கு.

இப்போது அந்த 23, 32 எண்களைப் பற்றி. பல ஏர்லைன்களில் சாதாரண வகுப்புக்கு ஒரு பெட்டி 23 கிலோ, பிசினஸ் வகுப்புக்கு 32 கிலோ என்று இருக்கும். பவுண்டில் பார்த்தால் இது 50, 70. இதில் 32 என்பது பெரும்பாலான ஏர்லைன்களில் பணம் கட்டித் தாண்டக்கூடிய எல்லை அல்ல. விமான நிலையத்தில் ஒவ்வொரு பெட்டியையும் யாரோ ஒருவர் குனிந்து தூக்குகிறார், விமானத்தின் வயிற்றுக்குள் முதுகை வளைத்துக்கொண்டு அடுக்குகிறார். ஒரு நாளைக்கு இப்படி நூற்றுக்கணக்கான பெட்டிகள். அவர்கள் முதுகு ஒடியாமல் இருக்கத்தான் ஒரு தனிப் பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். மொத்தம் 40 கிலோ அனுமதி இருந்தாலும் அதை ஒரே பெட்டியில் போட முடியாது என்பது இதனால்தான். சிலர் கவுண்டரில் நின்று கூடுதல் பணம் கட்டுகிறேன் என்று கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டியைத் தூக்கப் போகிறவர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். தெரிந்தால் நாமே இரண்டாகப் பிரித்துவிடுவோம்.

வீட்டில் எடை பார்ப்பதற்குக் கொக்கி வைத்த சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வைத்திருக்கிறேன். அதன் பட்டையைப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டி, தரையிலிருந்து முழுவதும் தூக்கி, ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எண் நிலைத்ததும் ஒரு சத்தம் வரும். பெட்டி ஊசலாடிக்கொண்டிருந்தாலோ ஒரு மூலை காலில் முட்டிக்கொண்டிருந்தாலோ எண் பொய் சொல்லும். அம்மாவால் அப்படித் தூக்கி நிற்க முடியாது. தராசைப் பிடிக்க முடியாதபோது உடல் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது. முதலில் நான் பெட்டியோடு அதில் ஏறுவேன், பிறகு பெட்டி இல்லாமல். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பெட்டியின் எடை. பெட்டியை மட்டும் தனியாக மெஷின் மேல் வைத்தால் அது எண்களை மறைத்துக்கொள்ளும், சாய்ந்தும் நிற்கும். மெஷினை விரிப்பின் மேல் வைக்காதீர்கள், கெட்டியான தரையில் வையுங்கள்.

தராசு சரியா என்று சந்தேகம் வந்தால் தண்ணீர் கைகொடுக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து ஒரு லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிப் பையில் போட்டுத் தொங்கவிட்டால், பையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஐந்துக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். நாலரை காட்டினால் அந்தத் தராசை நம்ப வேண்டாம். எது எப்படியானாலும் அனுமதிக்கு ஒரு கிலோ கீழேயே நான் நிறுத்திக்கொள்கிறேன். வீட்டுத் தராசும் விமான நிலைய மெஷினும் அச்சு அசலாக ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. கடைசி நேரத்தில் சார்ஜர், சோப்புப் பெட்டி, ஈரத் துண்டு என்று ஏதாவது உள்ளே போகத்தான் செய்யும்.

எடையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் அளவைப் பற்றிப் பேசுவதில்லை. செக்-இன் பெட்டிக்குப் பல ஏர்லைன்கள் சொல்வது நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ., அதாவது 62 இன்ச். சில ஏர்லைன்கள் கூட்டுத்தொகை சொல்லாமல் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி எல்லை வைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸில் அது 90 × 75 × 43 செ.மீ. எந்த முறையாக இருந்தாலும் சக்கரம், கைப்பிடி, வெளிப்பக்கத்துப் பை எல்லாம் அளவில் சேரும்.

நான் வாங்கிய பெரிய பெட்டியில் 28 இன்ச் என்று ஒட்டியிருந்தது. 28 இன்ச் என்றால் 71 செ.மீ. சந்தேகத்தின் பேரில் பெட்டியைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரில் படும்படி படுக்கவைத்து, தரையிலிருந்து புத்தகத்தின் அடிப்பக்கம் வரை டேப்பால் அளந்தேன். 77 வந்தது. அந்த ஆறு செ.மீ. கீழே இருக்கும் நான்கு சக்கரங்களும் மேலே புடைத்துக்கொண்டிருக்கும் கைப்பிடியும். அகலம் 50, தடிமன் 31. மூன்றையும் கூட்டினால் சரியாக 158. ஆனால் அந்தப் பெட்டியின் நடுவே சுற்றிலும் இன்னொரு ஜிப் இருக்கிறது, அதைத் திறந்தால் பெட்டி ஐந்து செ.மீ. விரியும். விரித்தால் 163. கடையில் அதை ஒரு வசதியாகத்தான் காட்டினார்கள். செக்-இன் கவுண்டரில் அந்த ஜிப்தான் பெட்டியை எல்லைக்கு வெளியே தள்ளும். நான் அதைத் திறப்பதே இல்லை. துணிப்பெட்டிகளில் ஜிப் திறக்காமலே முன்பக்கம் வயிறு போலத் தள்ளும், அதனால் அவற்றைச் சாமான் நிரப்பிய பிறகுதான் அளக்க வேண்டும்.

எடை கூடினால் ஒரு கட்டணம், அளவு கூடினால் ஒரு கட்டணம், பெட்டியின் எண்ணிக்கை கூடினால் ஒரு கட்டணம் என்று பல ஏர்லைன்களில் மூன்றும் தனித்தனி. ஒரே பெட்டி எடையும் கூடி அளவும் கூடினால் இரண்டையும் கேட்கலாம். கூடுதல் லக்கேஜ் கட்டாயம் தேவை என்று தெரிந்தால் முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள், கவுண்டரில் கட்டுவதைவிட அது பொதுவாகக் குறைவாகவே இருக்கும். கனத்த ஒரே பெட்டியை இழுத்துக்கொண்டு போவதா, இன்னொரு சின்னப் பெட்டி சேர்த்துக்கொள்வதா என்று இரண்டு விலையையும் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டாவது பெட்டி மலிவாக முடிந்த சமயங்களும் எனக்கு உண்டு.

கேபினுக்குள் எடுத்துப்போகும் பையில்தான் ஏர்லைனுக்கு ஏர்லைன் வித்தியாசம் அதிகம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 56 × 45 × 25 செ.மீ. வரை, 23 கிலோ வரை விடுகிறது, நாமே தூக்கி மேலே வைக்க முடிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. லுஃப்தான்சா 55 × 40 × 23, எடை 8 கிலோ. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சாதாரண வகுப்புக்கு 7 கிலோ, மூன்று பக்கமும் கூட்டி 115 செ.மீ. அமெரிக்காவின் பெரிய ஏர்லைன்கள் 22 × 14 × 9 இன்ச் என்று அளவு சொல்கின்றன, எடையைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. ஐரோப்பாவின் மலிவுக் கட்டண ஏர்லைன்களில் அடிப்படைக் கட்டணத்துக்குக் கிடைப்பது இருக்கைக்கு அடியில் நுழையும் ஒரு சின்னப் பை மட்டும். விஸ் ஏரில் அது 40 × 30 × 20. ஒரு நாள் சும்மா உட்கார்ந்து இந்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, என் கேபின் பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு ஏர்லைனில் கேள்வியே இல்லாமல் ஏறும் அதே பெட்டி, இன்னொன்றில் விமானம் ஏறும் கேட்டிலேயே பிடிபடும்.

எல்லா ஏர்லைனுக்கும் பொதுவாக ஓர் அளவு கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா, 2015 ஜூனில் 55 × 35 × 20 செ.மீ. என்று ஓர் அளவை அறிவித்தது. பலர் கையில் வைத்திருந்த பெட்டிகளைவிட அது சின்னது என்று எதிர்ப்பு கிளம்பவே, சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்துவிட்டார்கள். அதனால் இன்றுவரை ‘கேபின் சைஸ்’ என்று கடையில் ஒட்டியிருப்பதற்கு எல்லாருக்கும் பொதுவான அர்த்தம் ஒன்று கிடையாது. புதுப் பெட்டி வாங்குகிறவர்கள் அடிக்கடி போகும் ஏர்லைன்களில் எது சின்ன அளவு சொல்கிறதோ அதற்குப் பொருத்தமாக வாங்கினால் நிம்மதி. அளவைக் கேட்பது போலவே காலி எடையையும் கேளுங்கள். 7 கிலோ அனுமதியில் பெட்டியே 3 கிலோ என்றால் சாமானுக்கு 4 தான். கேபினுக்குச் சக்கரம் இல்லாத தோள்பையை நான் எடுக்க ஆரம்பித்தது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான். என் தோள்பை 900 கிராம். சக்கரப் பெட்டி 2.8. கிட்டத்தட்ட இரண்டு கிலோ மிச்சம்.

கேபின் பையைப் பற்றி இன்னொரு அனுபவம் இருக்கிறது. ஒருமுறை பயணத்தின் கடைசிக் கட்டம் ஒரு சின்ன விமானத்தில். அளவும் எடையும் விதிக்குள் இருந்த எங்கள் பையை விமானத்தின் படிக்கட்டு அருகிலேயே வாங்கிக் கீழே போட்டுக்கொண்டார்கள். சின்ன விமானங்களில் தலைக்கு மேல் இருக்கும் அடுக்கு மிகச் சிறியது, சக்கரப் பெட்டி நுழையாது. நான் டேக்கை வாங்கிக்கொண்டு ஏறப் போகும்போது அம்மா என் கையைப் பிடித்து, “மாத்திரை உள்ளே இருக்கும்மா” என்றார். பிரஷர் மாத்திரை, கண்ணாடி, டாக்டரின் சீட்டு எல்லாம் அதற்குள். பின்னால் வரிசை நிற்க, நான் பையைத் திறந்து துணிகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். மாத்திரை கிடைத்தது, ஆனால் அந்தப் பதற்றம் மனதில் நின்றுவிட்டது. அதிலிருந்து கேபின் பைக்குள் மேலாகவே ஒரு சின்னத் துணிப்பை இருக்கும். மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி, பணம், பவர் பேங்க் ஐந்தும் அதில். கேட்டிலோ படிக்கட்டிலோ பையைக் கேட்டால் அந்தத் துணிப்பையை உருவிக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடலாம். பெரிய விமானத்திலும் இடம் நிரம்பிவிட்டால் கேட்டில் பையைக் கேட்பார்கள், அதனால் இது எல்லாப் பயணத்துக்கும்.

பவர் பேங்கை அந்தப் பைக்குள் வைத்ததற்கு வசதி மட்டும் காரணமில்லை. லித்தியம் பேட்டரி ஒரு கருவிக்குள் இல்லாமல் தனியாக இருந்தால் (பவர் பேங்கும் அந்தக் கணக்குதான்) அதைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. கீழே சரக்கு அறையில் தீப்பிடித்தால் யாரும் கிட்டப் போக முடியாது, கேபினில் என்றால் உடனே பார்த்து அணைக்கலாம். படிக்கட்டில் பையைக் கொடுக்கும்போதும் இதே விதி. பேட்டரிக்கும் ஓர் அளவு உண்டு, 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி கேட்காமல் எடுத்துப்போகலாம், 100-லிருந்து 160 வரை ஏர்லைனின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணிக்குக் கிடையாது. பவர் பேங்கில் மில்லி ஆம்பியர் ஹவர்தான் பெரிதாக எழுதியிருக்கும். அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-ஹவர் வந்துவிடும். 20,000 என்றால் 74. சரி, போகலாம். 30,000 என்றால் 111, அனுமதி கேட்க வேண்டும். எழுத்தே அழிந்துபோன பழைய பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் வாங்கிவைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, எழுத்து தெளிவாகத் தெரிவதை எடுத்துப்போங்கள்.

திரவத்திலும் அதே கூடுதான் கணக்கு. கேபின் பையில் 100 மில்லி என்ற கட்டுப்பாடு இருக்கும் விமான நிலையங்களில் அவர்கள் பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவை. 200 மில்லி பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றாலும் அது 200 மில்லி பாட்டில்தான். அம்மாவின் எண்ணெய் பாட்டில் ஒன்று இப்படித்தான் போனது.

சரி, பெட்டிக்குள் என்ன கனக்கிறது? கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது கனப்பதில்லை. தலையணை, ஸ்வெட்டர், பின்னிய போர்வை எல்லாம் இடத்தை அடைக்கும், எடை ஏற்றாது. காகிதம் நேர்மாறு. ஜெராக்ஸ் எடுக்கும் சாதாரண ஏ4 தாள், ஐநூறு தாள் கொண்ட ஒரு கட்டு இரண்டரை கிலோ. அதை ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டால் புத்தகம் அடுக்கும்போது கை தானாகவே நின்றுவிடும். பெரிய பெட்டியில் புத்தகத்தை நிரப்பினால் பாதி நிரம்புவதற்குள் எடை முடிந்துவிடும், அதனால் புத்தகம் சின்னப் பெட்டிக்கு, துணி பெரிய பெட்டிக்கு. ஷாம்பு, லோஷன் போன்றவை தண்ணீரின் எடைக்கு நெருக்கமானவை, அரை லிட்டர் பாட்டில் என்றால் அரைக் கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொள்ளலாம். வாங்கிய பொருட்களை அட்டைப்பெட்டியோடு வைக்காமல் வெளியே எடுத்து வைத்தால் எடையும் இடமும் மிச்சமாகும். ஷூ வந்த பெட்டி, பரிசுப்பொருளின் டப்பா, இப்படி. ஆல்பம் கற்றுக்கொடுத்த பாடம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகிறது. மருந்துகளை மட்டும் பெயர் தெரியும் அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள், சோதனையில் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

இரண்டு பேர் போகும்போது ஒருவர் துணி முழுவதையும் ஒரே பெட்டியில் வைக்காமல் நாங்கள் பாதிப் பாதியாக மாற்றி வைக்கிறோம். ஒரு பெட்டி வராமல் போனால் இருவருக்குமே மாற்றுத்துணி இருக்கும். ஒருமுறை அப்படி நடந்தபோது அம்மா ஆசுவாசமாக உட்கார்ந்திருந்தார், மறுநாள் பெட்டி வந்தது. வராத பெட்டிக்கும் சேதமான பெட்டிக்கும் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. சர்வதேசப் பயணத்தில் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு, பெட்டி கையில் கிடைத்ததிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தாமதத்துக்கு 21 நாள். போர்டிங் பாஸில் ஒட்டித் தரும் சின்ன டேக்கை அதுவரை தூக்கிப்போட வேண்டாம்.

போன மாதம் மறுபடி அக்கா வீட்டுக்கு டிக்கெட் போட்டேன். இந்த முறை ஒரே டிக்கெட், பேகேஜ் வரியில் ‘1 பிசி’, எடை 23. அம்மாவிடம் தேதி சொல்வதற்குப் போனேன். பரண் மேலிருந்து பெட்டியை இறக்கி அவர் ஏற்கெனவே துடைத்துக்கொண்டிருந்தார். இது அந்தப் பழைய பெட்டி இல்லை, 3.1 கிலோவில் புதிதாக வாங்கியது. மூடியின் உள்பக்கத்தில் செல்லோ டேப் போட்டு ஒரு துண்டுத்தாளை ஒட்டியிருந்தார். அதில் அவர் கையெழுத்தில் மூன்று எண்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. 23. அதன் கீழே 3.1. கோடு போட்டு, 19.9. அந்த 19.9-ஐயும் அடித்துவிட்டுப் பக்கத்தில் 18.9 என்று எழுதியிருந்தார்.

“ஒரு கிலோ சும்மா இருக்கட்டும்மா” என்றார்.